லயத்துக்கு வந்த லைட்டு

பாட்டி கடைசிவரை மின்சாரத்தை ‘லைட்டு’ என்றுதான் சொன்னார். காற்றாடி நின்றாலும் “லைட்டு போச்சு”, மாதக் கட்டணம் வந்தாலும் “லைட்டு பில்லு”. அந்தச் சொல்லுக்குள் ஒரு வரலாறு இருப்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. அவர் பால்மரம் வெட்டிய வடக்கு செபராங் பிறைத் தோட்டத்தில் ஜெனரேட்டர் பொழுது சாய்ந்ததும் ஓடத் தொடங்கும், இரவு பத்துக்கு நின்றுவிடும். லயத்தில் வீட்டுக்கு ஒரு பல்ப். “தொர பங்களாவுல மட்டும் ராத்திரி பூரா எரியும். அத பாத்துக்கிட்டே தூங்கிடுவோம்” என்பார். விடிகாலையில் பெரட்டுக்குக் கிளம்ப மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்குதான்.

கெப்பாலா பத்தாஸ் என்ற மலாய்ப் பெயரை ‘வரப்பின் தலை’ என்று தமிழாக்கலாம். இன்றும் ஊரைச் சுற்றி நெல்வயல்கள். வாய்க்காலில் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் முதலில் பாயும்; கடைமடைக்காரர் காத்துக் கிடக்க வேண்டும். மலேசிய மின்சாரத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இந்த வாய்க்கால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதன் தலைமடையிலேயே ஒரு தமிழர் நிற்கிறார். 1894-இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்தை இயக்க தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் நிறுவிய ஜெனரேட்டரிலிருந்துதான் இந்நாட்டு மின்சார வரலாறு தொடங்குகிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் நாம் சேர்த்துச் சொல்லும் அதே தம்புசாமிப் பிள்ளை. 1900களின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகம் மின்சாரம் கொடுத்தது, மின்சார டிராம் ஓடியது. 1930-இல் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை வந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள்தான் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். சுரங்கம், துறைமுகம், நகரம் என்று லாபம் இருந்த பக்கமே கம்பி போனது.

இப்படித் துண்டு துண்டாகக் கிடந்ததை ஒன்று சேர்க்க 1949-இல் மத்திய மின்சார வாரியம் உருவானது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியமானது, 1976-இல் ஜார்ஜ்டவுனின் விநியோகத்தையும் எடுத்துக்கொண்டது, 1990-இல் தெனாகா நேஷனல் என்ற நிறுவனமானது. அதே 1990-இல் வந்த சட்டம் 446, தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் தரவேண்டியது தோட்ட முதலாளியின் கடமை என்று எழுதியது. ரவாங்கில் விளக்கு எரிந்து 96 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் வட்டாரத்தில் மலாக்கோஃப் என்று ஒரு பழைய தோட்டம் உண்டு. ரப்பர் தோட்டத் தொழிலில் இருந்த மலாக்கோஃப் நிறுவனம், 1990களில் அரசு தனியாரையும் மின் உற்பத்திக்குள் விட்டபோது அந்தத் தொழிலுக்கு மாறியது. இன்று பெயரைச் சொன்னால் பலருக்கு மரம் நினைவுக்கு வராது. ஜோகூரில் 2,100 மெகாவாட் திறனோடு எழுந்த தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். தோட்டத்துப் பெயரே கரண்டு கம்பெனியின் பெயராகிவிட்டது!

1992 செப்டம்பர் 29, 1996 ஆகஸ்டு 3 என இருமுறை தீபகற்பம் முழுவதும் இருண்டது. 1996-இல் திரங்கானுவின் பாக்காவில் ஏற்பட்ட கோளாறு சில நொடிகளில் மேற்குக் கரைவரை எல்லாவற்றையும் அணைத்தது. ஒரே வலையில் கட்டுண்டிருப்பதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

இப்போது அந்த வலையை மறுபடி பின்னுகிறார்கள். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்கிறது 2023-இல் வந்த தேசிய ஆற்றல் மாற்றத் திட்டம். சோலார் பலகைகளை மாட்டினால் மட்டும் இது நடந்துவிடாது. பழைய வலை வாய்க்கால்தான்: பெரிய நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒருவழிப் பாய்ச்சல். கூரைகளில் சோலார் வந்ததும் கடைமடையிலிருந்தும் தண்ணீர் திரும்பி ஏறுகிறது. மேகம் மறைத்தால் உற்பத்தி சட்டென்று விழும்; வீடுகளில் ஏர்கான் போடும் இரவிலோ சூரியனே இல்லை. எந்த நொடியிலும் உற்பத்தியும் செலவும் ஒத்துப்போகாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு தடுமாறும். அதற்காகத்தான் சேமிப்பு பேட்டரிகள், இருபக்கமும் கணக்கெடுக்கும் மீட்டர்கள், நாட்டுக்கு நாடு இணைப்புகள்.

இவற்றில் சில எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வடக்கே கெடாவில், குரூண் நிலையம் 300 மெகாவாட் நேர்மின் தடத்தால் தாய்லாந்தோடு இணைகிறது. 2022-இல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் சோலார் பண்ணை இயங்குகிறது. இவையெல்லாம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிலக்கரிப் புகையை ஆதரித்து நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

ஆனால் 2021-இல் வீடுகளுக்காக வந்த திட்டத்தைப் பாருங்கள். 2025 வரை அதில் சேர்ந்தவர்களுக்கு, கூரையில் விளையும் மின்சாரத்தில் மிஞ்சுவதை வலைக்குத் தந்தால், அதே அளவு கட்டணத்தில் கழியும், பத்து ஆண்டுகளுக்கு. நல்ல திட்டம். பெர்த்தாமில் தரைவீடு வைத்திருக்கும் என் நண்பன் போட்டுக்கொண்டான், பில் பாதிக்குமேல் குறைந்தது. அம்மா இருப்பது மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காம் மாடி. மேலே உள்ள கூரை அவருக்குச் சொந்தமில்லை. முதல் போடக் கையில் காசும் இல்லை. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்கள் அங்கே எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்; எங்கள் தளத்தில் மட்டும் ஐந்து.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் விளையும் சோலார் மின்சாரத்தின் கழிவைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பங்கிட டெல்லியில் 2019-இலேயே விதிமுறை வந்துவிட்டது. ஜெர்மனியில் அடுக்குமாடிக்காரர்கள் பால்கனிக் கம்பியிலேயே பலகையைத் தொங்கவிடுகிறார்கள். பொறியியல் தடையாக இல்லை. யாரை முதலில் நினைத்து விதியை எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

நண்பன் வீட்டுக் கூரையை அம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம ஃபிளாட்டுக்கு எப்படா வரும்?”

பாட்டியும் லயத்து வாசலில் உட்கார்ந்து, துரை பங்களாவைப் பார்த்து இதையேதான் கேட்டிருப்பார்.