நடுவில் இருப்பவள்

ரசவாதம் என்றதும் தாடி வைத்த ஆண்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். மேற்குலக ரசவாத வரலாற்றில் நாம் அறிந்த தொடக்ககாலப் பெயர்களுள் ஒன்று மரியா என்னும் யூதப் பெண்ணுடையது. அவர் எழுதியவை நூலாகக் கிடைக்கவில்லை. எகிப்தில் கி.பி. 300ஐ ஒட்டி வாழ்ந்த சோசிமோஸ் எடுத்துச் சொன்னதால்தான் அவரை அறிகிறோம். பாத்திரத்தை நேரே தீயில் வைக்காமல் வெந்நீருக்குள் வைத்துச் சூடேற்றும் முறைக்கு, பிரெஞ்சுச் சமையலறையில் இன்றும் அவர் பெயர்தான்: பான் மாரி.

1978-79இல் அமெரிக்கக் கலைஞர் டாரா பிர்ன்பாம் ‘டெக்னாலஜி/டிரான்ஸ்ஃபர்மேஷன்: வொண்டர் வுமன்’ என்ற வீடியோவை உருவாக்கினார். ஆறு நிமிடத்துக்கும் குறைவு. காட்சிகள் அனைத்தும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்தவை. அலுவலகப் பெண்ணாகத் தோன்றும் டயானா சுழல்கிறாள், ஒளி வெடிக்கிறது, வீரநாயகி நிற்கிறாள். அந்தக் கணத்தை வெட்டி, மறுபடி மறுபடி ஓட்டுகிறார் பிர்ன்பாம். முதல்முறை அதிசயம், ஐந்தாம்முறை இயந்திரம். நியூயார்க்கில் ஒரு சிகையலங்காரக் கடையின் சாளரத்திலும் இதைக் காட்டினார். உருமாற்றத்தைக் காசுக்கு விற்கும் இடமல்லவா அது!

இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு உறைப்பது காலம். மரியாவின் மாற்றம் மெல்லிய சூட்டில், காத்திருப்பில் நிகழ்வது. திரையின் மாற்றத்துக்கு ஒரு நொடி போதும். உழைப்பு அதில் தெரிவதேயில்லை. அடங்கியவள், அசாத்தியமானவள் என இருவரே அங்கு உண்டு. கற்று, களைத்து, மெல்ல மாறுகிறவளுக்கு இடமில்லை.

என் மாணவிகள் அந்த நடுவில்தான் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் எல்லாம் மாறிவிட வேண்டும் என்று வீடு அவர்களை அவசரப்படுத்துகிறது. அவர்களுக்கு முதலில் தேவை நேரம்.