போர்முனைக்குப் போன பாட்டு: பிரிட்டன், 1915 – 1944

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியதும் லண்டன் நாடக உலகம் ஆட்டங்கண்டது. பாடகர்கள், வாத்தியக்காரர்கள், நடிகைகள் எனப் பலருக்குப் பிழைப்பு போயிற்று. அந்த நேரத்தில்தான் லீனா ஆஷ்வெல் என்ற நடிகை, பிரான்சிலுள்ள படைமுகாம்களுக்குக் கலைஞர்களை அனுப்ப வேண்டும் என்று போர் அலுவலகத்தை அணுகினார். சொந்தமாக நாடக அரங்கு நடத்திய அனுபவமும், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய துணிவும் உள்ளவர். அலுவலகம் அசைந்து கொடுக்கவில்லை. சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1944-இல், அதே அரசு தன் பொறுப்பில் ஒரு பாடகியைப் பர்மாப் போர்முனை வரை அனுப்பி வைத்தது.

இந்த மாற்றத்தைப் பொதுவாக நட்சத்திரங்களின் தியாகக் கதையாகவே எழுதுகிறார்கள். தியாகம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் படைவீரனின் மனம் தளராமல் இருக்க எது வேண்டும் என்பதில் ராணுவ மேலிடம் ஒன்று நினைத்தது. பாட்டுக் கேட்க உட்கார்ந்த வீரர்கள் வேறொன்று கேட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வீரர்கள் கேட்டதே நிலைத்தது, மேலிடம் பின்னால் வந்து சேர்ந்தது என்பதே என் வாதம்.

ஆஷ்வெல்லுக்கு வழி திறந்தது ராணுவத்தின் வழியாக அன்று. ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு முகாம்களில் மரக்குடில்கள் கட்டித் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மகளிர் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்த இளவரசி ஹெலினா விக்டோரியாவின் ஆதரவோடு, 1915 பிப்ரவரியில் முதல் கச்சேரிக் குழு பிரான்சின் லெ ஹாவ்ரே துறைமுகத்தில் போய் இறங்கியது. குழு என்றால் கைவிரல்களுக்குள் அடங்கும் ஆட்கள்தான்: நாலைந்து பாடகர்கள், ஒரு வாத்தியக்காரர், சிரிக்க வைக்க ஒருவர், பியானோவுக்கு ஒருவர். பிற்பகலில் மருத்துவமனையில் ஒரு கச்சேரி, மாலையில் முகாம்களில் இரண்டு என்பது அவர்களின் வழக்கமான நாள். போகப்போக ஆண்கள் மட்டுமே அடங்கிய குழுக்கள் போர்முனைக்கு இன்னும் நெருக்கமாகப் போயின.

இங்கே 'தொண்டு' என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேலை இழந்த கலைஞர்களுக்குக் கொஞ்சமாவது ஊதியம் கிடைக்கச் செய்வதும் ஆஷ்வெல்லின் நோக்கம். கூலி வாங்கினால் தொண்டின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. காயம்பட்டவர்களின் கட்டிலோரம் நின்று நாள்தோறும் பாடியவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா? நிகழ்ச்சியின் தரத்திலும் ஆஷ்வெல் விட்டுக்கொடுக்கவில்லை. சாதாரணச் சிப்பாய்க்குக் கொச்சைப் பாட்டு போதும் என்ற எண்ணத்தை ஏற்காமல் செவ்வியல் இசையையும் ஷேக்ஸ்பியரையும் கொண்டுபோனார். குடில்கள் நிரம்பி வழிந்தன.

ஹாரி லாடரின் கதை வேறு மாதிரி. ஸ்காட்லாந்தின் இந்த நகைச்சுவைப் பாடகர், இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். போர் மூண்டபோது உலகப் புகழின் உச்சியில் இருந்தார். தம் செலவில் பைப் வாத்தியக் குழுவை ஊர் ஊராக அனுப்பிப் படைக்கு ஆள் சேர்த்தார். அவருடைய ஒரே மகன் ஜானும் படையில் கேப்டன். 1916 டிசம்பர் 28 அன்று ஜான் பிரான்சில் கொல்லப்பட்டார். புத்தாண்டு நாளில் தந்தி வந்து சேர்ந்தது. லாடர் அப்போது லண்டனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மேடை நிகழ்ச்சியின் நாயகர். சில நாட்களிலேயே மேடைக்குத் திரும்பினார். வென்று வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றிய பாட்டு ஒன்று அந்த நிகழ்ச்சியில் இருந்தது. அதையும் பாடினார்.

1917 கோடையில் அவர் பிரான்சுக்குப் புறப்பட்டார். காரில் ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே செய்த ஐந்து ஸ்தாயிச் சிறு பியானோ, வழியில் கண்ட வீரர்களுக்குக் கொடுக்கக் கட்டுக் கட்டாகச் சிகரெட்டுகள். கார் நின்ற இடமெல்லாம் கச்சேரி மேடைதான். சாலையோரம், இடிந்த சுவரோரம், பீரங்கிச் சத்தம் கேட்கும் தொலைவில். அந்தப் பயணத்தின் நடுவே ஓவில்லேர் இடுகாட்டில் மகனின் கல்லறைக்குப் போனார். அதன் பிறகும் பயணத்தை முறிக்கவில்லை. பிறர் பிள்ளைகளைப் போருக்கு அழைத்த ஒரு தகப்பன், தன் பிள்ளையைப் பறிகொடுத்த பின் மிச்சமிருந்த பிள்ளைகள் முன் நின்று பாடினான். வீரமூட்டவா பாடினான்? அவர்கள் நடுவே இருப்பதைத் தவிர அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. 1919-இல் லாடருக்கு அரசு சர் பட்டம் வழங்கியது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அரசு தயாராக இருந்தது. முதல் போரில் முகாம் நாடக அரங்குகளை நடத்திப் பழகிய பேசில் டீன், நடிகர் லெஸ்லி ஹென்சனுடன் சேர்ந்து 1939-இல், படைகளுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் 'என்சா' அமைப்பைத் தொடங்கினார். டுரூரி லேன் நாடக அரங்கு அதன் தலைமையகம் ஆனது. படைகளின் கேன்டீன்களை நடத்திய 'நாஃபி' நிறுவனம் பணம் கொடுத்தது. சோறும் துணியும் போலப் பாட்டும் படைக்கு வழங்க வேண்டிய பொருள் ஆகிவிட்டது. அளவு பெருகப் பெருகத் தரம் சரிந்ததும் உண்மை. என்சாவின் பெயரை வைத்தே வீரர்கள் கேலி பேசினார்கள்.

பாட்டு வேண்டும் என்பது முடிவான பின், எந்தப் பாட்டு என்ற சண்டை எழுந்தது. 1941 நவம்பரில் பி.பி.சி. வானொலியில் பாடகி வேரா லின்னின் நிகழ்ச்சி தொடங்கியது. கடல் கடந்து நிற்கும் வீரர்களுக்கு எழுதும் கடிதம் போல அது அமைந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பச்சைக் குழந்தையையும் தாயையும் பார்த்துவிட்டு வந்து, எங்கோ இருக்கும் தகப்பனுக்கு அவர் செய்தி சொல்வார். பிரிவும் ஏக்கமுமான பாட்டுகள். இவை வீரர்களைக் கோழைகளாக்கிவிடும், விறுவிறுப்பான அணிநடைப் பாட்டுகளே வேண்டும் என்று படையிலும் பி.பி.சி.யிலும் பெரிய மனிதர்கள் குமுறினார்கள். 1942-இல் உருக்கமான காதல் பாட்டுகளை வடிகட்ட பி.பி.சி. ஒரு குழுவையே அமைத்தது. ஆனால் வீரர்களின் மனதில் லின்னுக்கு இருந்த இடத்தை எந்தக் குழுவாலும் அசைக்க முடியவில்லை. ஊரை நினைத்து அழுகிறவன் சண்டையிட மாட்டான் என்ற கணக்குத் தவறு. எதற்காக ஊர் திரும்ப வேண்டும் என்பது அவனுக்கு நினைவிருக்க வேண்டும்.

1944-இல் என்சா மூலம் வெளிநாடு போக முன்வந்தபோது, கலைஞர்கள் அதிகம் போகாத இடத்துக்கே போகிறேன் என்றார் லின். அது பர்மாப் போர்முனை. 'மறக்கப்பட்ட படை' என்று தன்னையே அழைத்துக்கொண்ட 14-ஆம் படை அங்கே இருந்தது. எகிப்து, பஸ்ரா, கராச்சி, பம்பாய், கல்கத்தா வழியாகச் சிட்டகாங் பக்கம் போய்ச் சேர்ந்தார், காக்கி அரைக்கால் சட்டையும் ஒரு பியானோக்காரருமாக. லாரியில் குலுங்கியும் புழுக்கத்தில் ஊறியும் பியானோ சுருதி கலைந்தது. மருத்துவமனைக் கூடாரங்களில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வானொலியில் ஆகாது என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்த அதே மாதிரிப் பாட்டுகளைத்தான் அரசு இப்போது காட்டுக்குள் அனுப்பியிருந்தது.

அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். நம் பக்கத்து மதராஸ் சாப்பர்கள் அங்கே பாதை வெட்டிப் பாலம் போட்டார்கள். லண்டன் பாட்டு அவர்களுக்கு வீட்டைக் கொண்டுவந்து காட்டாது. அவர்களின் வீடு வேறு, மொழி வேறு. இந்தியப் படையினருக்கென்று 'ஃபௌஜி தில்குஷ் சபா' என்ற தனி அமைப்பு இயங்கியது இந்தத் தேவையால்தான். லின்னுக்குப் பர்மா நட்சத்திரப் பதக்கம் 1985-இல் கிடைத்தது; அவர் பயணத்தைப் பற்றி நூல்கள் உண்டு, படங்கள் உண்டு. தில்குஷ் சபாவில் ஆடியவர்களும் பாடியவர்களும் போர்க்கால வரலாற்றில் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களைச் சேர்க்காமல் எழுதும் பர்மாப் போர்முனையின் கலை வரலாறு பாதி வரலாறுதான்.