லினக்ஸுக்கு வாய்த்த துபாஷி

லினக்ஸுக்கு மாறியோர் நெடுங்காலம் விளையாட்டுகளைத் துறந்தே மாற வேண்டியிருந்தது. 1998இல் தோன்றிய லோகி நிறுவனம் பிற தளங்களின் விளையாட்டுகளை ஒவ்வொன்றாக லினக்ஸுக்குப் பெயர்த்தது. கடனில் மூழ்கி 2002 ஜனவரியில் மூடப்பட்டது. நூலை மொழிபெயர்ப்போர்க்கு நேர்வதுதான்!

நிலைத்தது வேறு வழி. 1993இல் தொடங்கிய வைன், விளையாட்டின் நிரலைத் திருத்துவதில்லை. அது விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் உடனுக்குடன் லினக்ஸின் மொழியில் சொல்லிவிடுகிறது. துபாஷியின் வேலை. அலெக்சாந்தர் ஜூலியார் 1994 முதல் அப்பணியை நடத்திவருகிறார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008இல். பதினைந்தாண்டு உழைப்பு அது. லாபம் நோக்கும் எந்த நிறுவனம் இத்தனை காலம் பொறுத்திருக்கும்?

2018இல் வால்வ் நிறுவனம் வைனை அடித்தளமாக்கிப் புரோட்டானை உருவாக்கி, தன் ஸ்டீம் விளையாட்டுக் கடையில் இணைத்தது. 2022இல் வந்த அதன் ஸ்டீம் டெக் கைக்கருவி இயங்குவதும் லினக்ஸில்தான். பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் சில மட்டும், ஏமாற்றுத் தடுப்பு நிரல்களைக் காரணமாக்கி, இன்றும் கதவடைக்கின்றன.