முத்துக்குளிப்பவரின் கால்விரலும் காயக் குறியீடும்: பெர்சிவல் விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ராபர்ட் பெர்சிவலைத் தொடாமல் போவதில்லை. இலங்கையில் பணியாற்றிய இந்த ஆங்கிலப் படை அதிகாரி 1803இல் வெளியிட்ட நூல், கொண்டச்சிக் குடாவில் நடந்த சலாபத்தை விரிவாகச் சொல்கிறது. முங்கப் போகிறவர் கல் கட்டிய கயிற்றை வலக்கால் விரல்களாலும் சிப்பி அள்ளும் வலைப்பையை இடக்கால் விரல்களாலும் பற்றிக்கொள்கிறார் என்ற செய்தியை அதிலிருந்தே பின்வந்தோர் பலர் எடுத்தாண்டனர்.

செய்தியில் எனக்கு ஐயமில்லை. அதற்கு அவர் கூறும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தியர் எல்லாருக்கும் கைவிரலைப் போலவே கால்விரலாலும் பொருளைப் பற்றும் பழக்கம் உண்டு, தரையில் கிடக்கும் மிகச் சிறிய பொருளையும் காலாலேயே எடுத்துவிடுவார்கள் என்கிறார் அவர். ஒரு தொழிலின் நுட்பம் இங்கே ஒரு மக்களின் உடற்பழக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

மறுப்புக்கான சான்று அவருடைய விவரணையிலேயே இருக்கிறது. செந்நிறக் கருங்கல்லில் கூம்பாகச் செய்து, ஒடுங்கிய முனையில் துளையிட்டுக் கயிறு கோத்த கற்களை விவரித்த கையோடு, வேறொரு கல்லையும் அவர் குறிப்பிடுகிறார். சிலர் பிறைவடிவக் கல்லை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். அதனால் அவர்களுடைய கால்கள் கட்டின்றி இருக்குமாம். பின்வந்தோர் கால்விரல் செய்தியை எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்தப் பிறைக்கல்லைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வாதத்தைத் திருப்புவது இதுதான். கால்விரலால் பற்றுவது எல்லாருக்கும் இயல்பான பழக்கமென்றால், காலை விடுவித்துக்கொள்ள ஒரு தனிக் கல் எதற்கு? இரண்டு முறைகள் அருகருகே இருந்தன. குளிப்பவர்கள் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார்கள். தேர்வு என்றால் அதற்கு ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு.

ஆதாயம் எது என்பதற்கும் பெர்சிவல் தரும் கணக்கே உதவுகிறது. தோணித் தலைவரான தண்டலின் பொறுப்பில் செல்லும் ஒரு தோணியில் குளிப்பவர் பத்துப் பேர், கற்கள் ஐந்து. ஐவர் முங்கும்போது ஐவர் இளைப்பாறுவர். கல் அடுத்தவருக்கும் வேண்டும். ஆகவே தரை தட்டியதும் அதை விட்டுவிட வேண்டும், மேலே இருப்பவர் இழுத்துக்கொள்ள வேண்டும். முங்குபவரின் ஒரு கை மற்றொரு கயிற்றைப் பிடித்திருக்கிறது, மறு கை மூக்கைப் பொத்தியிருக்கிறது. நொடியில் விடக்கூடிய பிடி கால்விரலில் மட்டுமே மிஞ்சுகிறது. இடுப்பில் கட்டிய கல்லை அப்படி விட முடியாது. கல்லைப் பங்கிடும் முறையே கால்விரல் பிடியை வேண்டியது என்பது என் முடிவு. பிறைக்கல் எந்தக் குழுவினரின் வழக்கம் என்று பெர்சிவல் பெயர் சொல்லவில்லை; ஆகவே அது கூம்புக்கல்லுக்கு முந்தியதா பிந்தியதா என்ற கேள்வியை நான் திறந்தே விடுகிறேன். அவர் கண்டது இலங்கைக் கரை என்பதும் உண்மை. ஆனால் தமிழகத்தின் இக்கரையிலிருந்து ஆட்கள் அக்கரைச் சலாபத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள். வளைகுடா ஒன்று, தொழிலும் ஒன்று.

இழப்பைப் பற்றிய சான்று மெலியது. முங்கி எழுந்தவரின் வாயிலும் மூக்கிலும் காதிலும் இரத்தம் வருவதைப் பெர்சிவல் எழுதுகிறார். காலைப் பற்றி ஒன்றுமில்லை. இந்த மௌனத்தைக் காயமின்மையாகக் கொள்ளலாகாது. ஈரக் கயிறு உராயும் விரலிடுக்கு, சிப்பியின் விளிம்பு, சிப்பி படியும் பாரின் கரடுமுரடான தரை ஆகிய மூன்றும் ஒரே நாளில் பலமுறை ஒரே காலைத் தொடுகின்றன. அங்கே தோல் கிழியாமல் இருந்திருக்கும் என்று நம்புவதுதான் கடினம். பழக்கம் என்று பெயரிட்டதுமே அதனால் வரும் காயம் தொழிற்காயமாகத் தெரியாமல் போகிறது.

அந்தக் காயத்தைப் பின்வந்த குறியீடு எப்படிப் பதிகிறது என்று பார்ப்போம். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை கடைசியாகச் சலாபம் நடந்தபோது, பன்னாட்டு நோய் வகைப்பாடு காயத்துக்கு இரு கண்களைக் கொடுத்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் 1948இல் வந்த ஆறாம் திருத்தம், காயத்தின் தன்மையை ஒரு வரிசையிலும் அதன் புறக்காரணத்தை வேறொரு வரிசையிலும் வைத்தது. ஒன்பதாம் திருத்தத்தில் கால்விரல் திறந்த காயத்தின் எண் 893. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் அதை இரண்டாகப் பிரித்தது: நகச் சேதமில்லாதது எஸ்91.1, நகச் சேதமுள்ளது எஸ்91.2.

இந்தப் பிரிவு கைவிரலின் பிரிவோடு அப்படியே ஒத்திருக்கிறது, அங்கே எஸ்61.0, எஸ்61.1. ஆனால் உறுப்பிழப்பில் ஒப்புமை முறிகிறது. கைக் கட்டைவிரல் துண்டானால் எஸ்68.0 என்று தனி எண் உண்டு. காலில் எந்த விரல் துண்டானாலும், ஒன்றென்றால் எஸ்98.1தான். எலும்பு முறிவில் மட்டும் கால் பெருவிரலுக்கு எஸ்92.4 என்ற தனியிடம் கிடைக்கிறது. கயிறு உராய்ந்து தோல் வழன்றால் அது திறந்த காயமே ஆகாது, எஸ்90.8 என்ற பொதுப் பெயரில் விரல் என்ற சொல்லே மறைந்துவிடும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலான இடுக்கு எஸ்91.1இல் சேருமா, பாதத்தின் பிற பகுதிகளுக்கான எஸ்91.3இல் சேருமா என்பதைத் தலைப்புகளே தீர்த்துவைப்பதில்லை. அமெரிக்கா 2015இல் நடைமுறைப்படுத்திய தன் பதிப்பில் பெருவிரலை வலம் இடமாகப் பிரித்துக் காட்டுகிறது. அங்கும் எண் உறுப்பைச் சொல்லுமே தவிர, அந்த உறுப்பு செய்த வேலையைச் சொல்லாது.

வேலையைச் சொல்ல வேண்டியது புறக்காரண வரிசை. பத்தாம் திருத்தத்தில் நிகழிடத்துக்கும் செயலுக்கும் தனி இலக்கங்கள் உண்டு. தொழிற்சாலையும் கப்பல் கட்டுமிடமும் இட இலக்கம் 6இல் அடங்கும். கடலும் கடற்கரையும் துறைமுகமும் பூங்காவோடு சேர்ந்து 8இல் அடங்கும். கடல் உழைப்பிடம் என்ற குறிப்பு இடத்தில் கிடைக்காது. வருமானத்துக்கான வேலை எனும் செயல் இலக்கம் 2 எழுதப்பட்டால்தான் கிடைக்கும். நீரிழிவு உள்ளவரின் காயம் ஆறாமல் புண்ணாகி இ11.5இல் பதிவானாலோ, அந்த எண்ணில் கயிற்றுக்கும் சிப்பிக்கும் இடமே இல்லை.

எஸ்91.1இன் தலைப்பு பெர்சிவலின் பிழையைச் செய்யவில்லை. அது எந்த மக்களையும் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் செயல் இலக்கம் விடுபட்ட ஒவ்வொரு தாளும் அவர் வந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது: கால் தெரிகிறது, தொழில் தெரிவதில்லை. இன்றும் இக்கரையில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கால்விரல் காயத்தோடு அவர்களில் ஒருவர் வந்தால், என்ன செய்துகொண்டிருந்தபோது பட்டது என்று கேட்டு, அதையும் சீட்டில் எழுதவேண்டும். பிறைக்கல்லைக் கட்டிக்கொண்டவர்கள் தங்கள் காலின் விலையை அறிந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். அந்த விலையை எழுதிவைக்க அன்று எண் இல்லை, இன்று இருக்கிறது.