வறட்சியும் மலேரியாவும்: தெதுறு ஓயா தரும் பாடம்

ஈழத்தின் மேற்குக் கரையிலே, சிலாபத்தின் அருகே கடலொடு கலக்கும் தெதுறு ஓயா, முன்னேஸ்வரத் தீர்த்தவிழாவினாற் சைவ மக்கள் நன்கறிந்த ஆறாகும். நாட்டின் சுகாதார வரலாற்றிலும் அதற்கு ஒரு தனியிடம் உண்டு. அவ்விடம் துயரத்தாற் பெற்றது.

மழை மிகுந்தால் நுளம்பு மிகும், நுளம்பு மிகுந்தால் நோய் மிகும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். 1934ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இவ்வெண்ணம் முற்றும் பொருந்தாதெனக் காட்டின. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. நீர் நிறைந்து ஓடுங்கால் நுளம்பின் குடம்பிகளை அடித்துச் செல்லும் தெதுறு ஓயாவும், அதன் தெற்கேயுள்ள மா ஓயாவும் ஓட்டமிழந்து, மணற்படுகையிலே சிறு சிறு குட்டங்களாய்த் தேங்கின. வெயில் படும் தெளிந்த தேக்கநீரே, இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு உகந்த பிறப்பிடம். இவ்வாறு, உயிரூட்டிய ஆறே நோய்க்கும் தொட்டிலாயிற்று.

அவ்வாண்டு ஒக்டோபரில் எழுந்த கொள்ளைநோய், சில மாதங்களுள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. வறண்ட வடபகுதியில் மலேரியா நெடுங்காலம் நிலைபெற்றிருந்தமையால், அங்கு வாழ்ந்தோர் அதனைத் தாங்கும் ஆற்றலை ஓரளவு பெற்றிருந்தனர். இவ்விரு ஆறுகளும் பாயும் நாட்டு மக்களுக்கோ அவ்வாற்றல் குறைவு. விளைவு குன்றிப் பசியால் மெலிந்திருந்தோரும், சிறப்பாகக் குழந்தைகளும், பெருந்தொகையாய் மடிந்தனர்.

1940களின் நடுப்பகுதியிலிருந்து வீடுதோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. நோய் தேய்ந்தது. 1963இல் நாடெங்கும் மலேரியா கண்டோர் 17 பேரே. ஆயின், வெற்றி சோர்வை ஈன்றது. தெளித்தல் நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. மீண்டும் மழை குன்றியபோது நோய் திரும்பிற்று. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். அரிதில் வென்ற பகைவன் காவலற்ற வாயிலூடே புகுந்தான் எனலாம்.

பல்லாண்டு முயற்சியின் பயனாய், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், புத்தளத்தை வடக்கே அடுத்துள்ள மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் இதற்கு, ஆறு வற்றுவதும் வேண்டுவதில்லை. கோடைக்கென நாம் சேமிக்கும் நீரே போதும்.

ஆதலின், காவல் மழைக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. கிணற்றை வலையிட்டு மூடுதலும், தொட்டியைத் தேய்த்துக் கழுவுதலும், மலேரியா உள்ள நாடுகளிலிருந்து திரும்பியோர் காய்ச்சல் கண்டவுடன் இரத்தத்தைச் சோதிப்பித்தலும் சிறு செயல்களே. அவற்றை மறந்தமைக்குக் கொடுத்த விலை எத்துணைப் பெரிது என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.