அனுமதி பெறாத புத்தகம்

1991. லண்டனின் புறநகர் ரைஸ்லிப்பில், உழைப்பாளிகள் சாப்பிட வரும் ஒரு சாதாரண கடை. பத்திரிகையாளர் ஆண்ட்ரூ மார்ட்டன் அங்கே உட்கார்ந்து, ஹெட்போனில் ஒரு கேசட் கேட்கிறார். அதில் பேசுவது இளவரசி டயானா. சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுக்க வைக்கும் புலிமியா, தன்னை மாய்த்துக்கொள்ள முயன்ற நாட்கள், கணவர் சார்லஸின் வாழ்க்கையில் விலகாமல் இருக்கும் கமிலா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பத்து வருடங்களுக்கு முன்பு செயின்ட் பால் தேவாலயத்தில் நடந்த அந்தத் திருமணத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. தேவதைக் கதை என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் ஜூன் 16 அன்று 'டயானா: ஹர் ட்ரூ ஸ்டோரி' வெளியானது. 'அரண்மனையின் அனுமதி பெறாத வாழ்க்கை வரலாறு' என்றுதான் அதை எல்லோரும் வாசித்தார்கள். புத்தகத்தில் பேசியவர்கள் நண்பர்களும் உறவினர்களும். டயானா அதில் சம்பந்தப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை.

பிரபலத் தம்பதிகளைப் பற்றி அனுமதியில்லாமல் வரும் புத்தகங்கள் என்றாலே நமக்கு ஒரு இளக்காரம் உண்டு. யாரோ வேலைக்காரர் காசுக்குச் சொன்னது, பாதி வதந்தி, மீதி கற்பனை என்று நினைப்போம். ஆனாலும் வாங்கிப் படிப்போம். ஏனென்றால் நமக்குள் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது: அவர்கள் அனுமதிக்காத விஷயம் என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட வரலாறு விளம்பரம், அங்கீகரிக்கப்படாதது அம்பலம். இவ்வளவுதான் நம் கணக்கு. டயானா விளையாடியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஏற்பாடு எளிமையானது. மார்ட்டன் கேள்விகளை எழுதிக் கொடுப்பார். டயானாவின் பழைய நண்பர், மருத்துவர் ஜேம்ஸ் கோல்ட்ஹர்ஸ்ட், அவற்றைக் கென்சிங்டன் அரண்மனைக்கு எடுத்துப் போவார். டயானா டேப் ரிக்கார்டரில் பதில் சொல்வார். கேசட் அதே வழியில் திரும்பி வரும். எழுதி முடித்த கைப்பிரதியும் அப்படியே போய், டயானாவின் கையெழுத்துத் திருத்தங்களோடு வந்தது. பேட்டிக்காக இருவரும் நேரில் உட்காரவே இல்லை. 'மார்ட்டனுக்குப் பேட்டி கொடுத்தீர்களா?' என்று யாராவது கேட்டால், 'நான் அவரைச் சந்திக்கவே இல்லையே' என்று பொய் சொல்லாமலேயே சொல்லிவிடலாம். மென்பொருள் வேலையில் இருப்பதால் எனக்கு இது பழகிய காட்சி. கோடு ஒருவருடையது, கமிட்டில் இருக்கும் பெயர் வேறொருவருடையது. ஏதாவது உடைந்தால்தான் யாரு எழுதினது என்று தேடுவோம்.

தேடியவர்களுக்குத் தடயம் இல்லாமல் இல்லை. புத்தகத்தில் டயானாவின் குடும்ப ஆல்பத்திலிருந்து சிறுவயதுப் படங்கள் இருந்தன. அவருடைய அப்பா கொடுத்தவை. ஆனால் அப்போது பலரும் கோபத்தில் இருந்தார்கள். ஹாரட்ஸ் போன்ற கடைகள் புத்தகத்தை விற்க மறுத்தன. அரசியின் தனிச்செயலாளர் ராபர்ட் ஃபெல்லோஸ், டயானாவின் சொந்த அக்கா கணவர். அவரே நேரில் கேட்டபோதும் டயானா மறுத்தார். அதை நம்பிப் பத்திரிகைப் புகார் ஆணையம் செய்தித்தாள்களைக் கண்டித்தது. சில நாட்களில், புத்தகத்தில் பெயரோடு பேசியிருந்த தோழியின் வீட்டுக்கு டயானா போனார். வாசலில் புகைப்படக்காரர்கள் தயாராக இருந்தார்கள். உண்மை புரிந்த ஃபெல்லோஸ் ஆணையத்தின் தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

டயானா ஏன் நேரடியாகப் பேசவில்லை? பேசியவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. அரசி எலிசபெத்தின் சிறுவயது ஆசிரியை மேரியன் கிராஃபர்ட் 1950இல் அன்பாகவே ஒரு புத்தகம் எழுதினார். அரண்மனை அவரோடு உறவை அடியோடு அறுத்துக்கொண்டது. அங்கே பேசுவதுதான் குற்றம், என்ன பேசினாய் என்பது அப்புறம். அந்த வீட்டுக்குள் வாழ்ந்துகொண்டே வாயைத் திறக்க டயானாவுக்கு இந்த மறைப்பு தேவைப்பட்டது. ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தம்பதி என்பது இரண்டு பேர். அந்தப் புத்தகத்தில் சார்லஸ் ஒரு பாத்திரம் மட்டும்தான். 'நண்பர்கள் சொன்னது' என்று வந்ததால், சாட்சி சொல்வது வழக்கின் ஒரு தரப்பு என்பது வாசகருக்குத் தெரியாது. கமிலாவைக் காதலி என்று எழுதக்கூட மார்ட்டனால் முடியவில்லை. பிரிட்டனின் அவதூறுச் சட்டத்துக்குப் பயந்து 'ரகசிய நட்பு' என்றுதான் போட்டார். 1992 டிசம்பர் 9 அன்று, தம்பதி பிரிவதாகப் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1994இல் சார்லஸ் தன் பக்கத்தைச் சொல்ல ஜொனாதன் டிம்பிள்பிக்கு நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திறந்துவிட்டார். அது முழு அனுமதி பெற்ற புத்தகம். அதுவும் பாதிக் கதைதான். 1997 ஆகஸ்டில் டயானா இறந்தபிறகுதான், கேசட்டில் இருந்தது அவர் குரல் என்பதை மார்ட்டன் வெளியிட்டார். ஐந்து வருடங்களாகப் பொய்யர் என்று திட்டு வாங்கியவர் பொய் சொல்லியிருக்கவில்லை. அனுமதி பெறாதது என்று பெயரெடுத்த புத்தகத்துக்குத்தான் அதன் நாயகியின் முழு அனுமதி இருந்தது.

இந்தக் கதை அங்கே முடியவில்லை. 2020 ஆகஸ்டில் ஹாரி, மேகன் தம்பதி பற்றி 'ஃபைண்டிங் ஃப்ரீடம்' வெளியானது. தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். 2021 நவம்பரில், வேறொரு வழக்கின் மேல்முறையீட்டில் அவர்களுடைய முன்னாள் ஊடகச் செயலாளரின் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஆசிரியர்களிடம் சொல்வதற்கான குறிப்புகளை மேகன் அவருக்கு அனுப்பியிருந்தார். அதை மறந்துவிட்டதாக நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஹாரியின் பதில் மின்னஞ்சலும் அதில் இருந்தது: எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் நாங்கள் இருக்க வேண்டும், ஆனால் சரியான பின்னணியை நீங்கள் அவர்களுக்குக் கொடுத்தால் உண்மை வெளிவர உதவும். இதுதான் அதன் சாரம்.

இப்போதெல்லாம் இப்படி ஒரு புத்தகத்தைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது, மூடிய அறைக்குள் நடந்ததாக வரும் காட்சிகளைத்தான். அறையில் இருந்தது இரண்டே பேர் என்றால், சொன்னதும் அவர்களில் ஒருவர்தான், அல்லது அவரிடம் கேட்டவர். பிறகு, சொல்லாத அந்த இன்னொருவரைத் தேடுகிறேன்.

மார்ட்டனின் புத்தகம் வெளியானபோது வில்லியமுக்குப் பத்தாவது பிறந்தநாள் வர ஐந்து நாள் இருந்தது. ஹாரிக்கு ஏழு வயது.