களிமண் அச்சும் சிலுவையும்



ஆராதனைக்கு முன் பல ஆலயங்களில் ஏற்றப்படும் குத்துவிளக்கின் உச்சியைக் கவனித்திருப்பீர்கள். அன்னம் அமரும் இடத்தில் அங்கே சிலுவை நிற்கும். அதை வார்த்த கை யாருடையது என்று என்றாவது எண்ணியதுண்டா?

நம் காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஆகையால் இங்குள்ள சிலுவைகளும் கப்பலேறி வந்தவையே என்று கருதுவோர் உண்டு. ஆனால் உலோகம் வார்க்கும் கலை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காவிரிப் படுகையில் வேரூன்றியிருந்தது. சோழர் காலத்துச் சிற்பி தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவத்தைச் செய்வான். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவான். நெருப்பில் காய்ச்சியதும் மெழுகு உருகி வெளியேறும். வெறுமையான அவ்விடத்தில் உருகிய செம்புக் கலவையை ஊற்றுவான். ஆறிய பின் மண் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஓர் அச்சு ஒரு முறைக்கே உதவும். சுவாமிமலையில் இன்றும் இம்முறை வாழ்கிறது. நாச்சியார்கோவிலில் மணல் அச்சில் குத்துவிளக்குகளை வார்க்கின்றனர்.

அக்கைகள் ஒரு சமயத்துக்கு மட்டும் உழைத்தவை அல்ல. நடராஜரையும் காரைக்கால் அம்மையாரையும் வார்த்த இதே சோழநாட்டில், நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 1856 முதல் ஏறத்தாழ 350 புத்தர் படிமங்கள் வெளிப்பட்டன. கல்லிலும் அப்படியே. 1547இல் பரங்கிமலையில் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சிலுவையைச் சுற்றிப் பாரசீகரின் பஹ்லவி எழுத்து ஓடுகிறது. ஆனால் அதன் மேல்வளைவு எழுவது, நம் கோயில் சிற்பிகள் நன்கறிந்த மகரங்களின் வாயிலிருந்து.

வேதத்தை நினைவுகூருங்கள். சாலொமோன் தேவாலயத்தின் வெண்கல வேலைக்காகத் தீருவிலிருந்து ஈராமை அழைப்பித்தான். அவன் தாய் நப்தலி கோத்திரத்து விதவை. தகப்பனோ தீரு நகரத்துக் கன்னான். யோர்தான் சமவெளியின் களிமண் தரையிலேயே அவன் அப்பணிமுட்டுகளை வார்த்தான் (1 இராஜாக்கள் 7). அயல்நாட்டுக் கன்னானின் மகன் என்று தேவன் அவனை ஒதுக்கவில்லை.

நாமோ? நம் ஆலயத்துக்குச் சுவர் எழுப்பியவர், மணியைப் பழுதுபார்த்தவர், விளக்கை வார்த்தவர் வேறு சமயத்தவர் என்பதால் அவரை அந்நியராக எண்ணுகிறோமா? அவர் கூலியைத் தாமதிக்கிறோமா?

வரும் ஞாயிறன்று அந்தச் சிறு சிலுவையைச் சற்றே உற்று நோக்குங்கள். அது வெளிப்படுவதற்காக ஓர் அச்சு உடைந்தது. நம் பெருமையும் அவ்வாறே உடையட்டும். கிறிஸ்துவின் சாயல் நம்மில் வெளிப்படட்டும். ஆமென்.